ராமேஸ்வரத்துக் கடலை மதுரைக்குக் கொண்டுவந்த கதை

1984 மே மாதம் நான் ராமேஸ்வரம் போனது சாமி கும்பிட அல்ல, நாற்பது லிட்டர் கடல்நீர் எடுத்துவர. மதுரை வில்லாபுரத்தில் என் நண்பன் ராமதாஸ் மொட்டை மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்திருந்தான். உப்புத் தண்ணீரை வெயிலில் ஆவியாக்கிக் குடிநீராக்கும் பெட்டி. அது பழைய வித்தைதான். ஆவி குளிரும்போது வெளியேறும் சூட்டை வீணாக்காமல், மேல்தட்டில் இருக்கும் தண்ணீரைச் சூடேற்ற வைத்தானே, அதுதான் அவன் மூளை. ஒரே வெயிலுக்கு இரண்டு வேலை.

தண்ணீர் வண்டியை நம்பியிருக்கும் மீனவர் குப்பம் ஒன்றுக்கு இப்படிப் பத்துப் பெட்டிகள் வைப்பதா என்று முடிவுசெய்ய வியாழக்கிழமை ஒரு பொறியாளர் வருவதாக இருந்தது. நிஜக் கடல்நீரில் காட்டினால்தான் ஒப்புக்கொள்வாராம். ராமதாஸின் அப்பா சேலைக்குச் சாயம் போடுகிறவர். இந்த முறையும் தோற்றால் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பட்டறைக்கு வந்து சேர் என்று கெடு வைத்திருந்தார்.

புதன்கிழமை கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தக் கடற்கரையில் இருபது லிட்டர் கேன் இரண்டை நிரப்பிக்கொண்டு காலை ஆறரை மணி மதுரை பாசஞ்சரில் ஏறினேன். டிக்கெட் ஒன்பது ரூபாய், தூரம் நூற்று அறுபது கிலோமீட்டர். பரமக்குடி வரை நிம்மதி. அங்கே ஏறிய மேலூர்க்கார அம்மா ஒருவர் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராமேஸ்வரம் தீர்த்தமாண்ணே? புது வீட்டுக்குத் தெளிக்கணும், ஒரு செம்பு ஊத்துங்க."

"இது பரிசோதனைக்கும்மா."

"சாமி சோதிக்காததையா நீங்க சோதிக்கப் போறீக?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஊற்றினேன். அப்புறம் செம்பு, பாட்டில், டிபன் பாக்ஸ் என்று வரிசை கட்டிவிட்டது. தீர்த்தம் இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு ஏது? பன்னிரண்டே முக்காலுக்கு மதுரையில் இறங்கியபோது இருபத்தைந்து லிட்டர்தான் மிச்சம். அங்கிருந்து வில்லாபுரம் சைக்கிள் ரிக்ஷாவில் நாலு கிலோமீட்டர்.

"மாப்ள, நாப்பதுன்னு சொன்னேன்ல? அம்புட்டையும் புண்ணியத்துக்கு விட்டுட்டு வாரியா?" என்றான் ராமதாஸ். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் இருந்ததைப் பாதியாகப் பிரித்து, அவன் பெட்டியில் ஒரு பாதியும் ஒப்பிட வைத்த, மேல்தட்டு இல்லாத சாதாரணப் பெட்டியில் ஒரு பாதியும் ஊற்றினோம். தண்ணீர் விரற்கடை ஆழம்கூட இல்லை. பொறியாளர் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களில் உச்சி வெயிலில்தான் கண்ணாடி வியர்க்கும். அன்று பத்து மணிக்கே வியர்த்தது. தண்ணீர் குறைந்தால் சீக்கிரம் சூடேறும் என்பது சின்ன விஷயம்தான். ஆனால் எதையும் அரைகுறையாக நிரப்பி வைப்பது ஆகாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு நாளும் குறைத்து ஊற்றிப் பார்த்ததில்லை.

மாலை ஐந்து மணிக்குச் சாதாரணப் பெட்டியில் மூன்று லிட்டர், ராமதாஸ் பெட்டியில் ஐந்து! அதற்குமுன் அது நாலைத் தாண்டியதே இல்லை. பொறியாளர் ஒரு டம்ளர் குடித்தார், இன்னொன்று கேட்டார், "பத்துக்கும் எழுதிர்றேன்" என்றார். ராமதாஸின் அப்பா நீலம் படிந்த கையால் வாங்கிக் குடித்துவிட்டு மகன் தோளைத் தட்டினார். சட்டையில் சாயம் ஒட்டிக்கொண்டது.

இப்படிப் பயணம் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கேன்மேல் சாக்கைப் போட்டு மூடுங்கள், எந்தக் கடல் என்று வாய்விடாதீர்கள். பெட்டியில் தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள்.

ஆவணியில், பத்துப் பெட்டியும் வைத்தபின், அந்த மீனவர் குப்பத்துக்குப் போயிருந்தேன். ஓர் அம்மா கேட்காமலேயே டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"குடிங்கண்ணே. இப்பல்லாம் விருந்தாளி வந்தா எங்களுக்குப் பயமில்ல."