ஜெகதீஸ்வரி செய்த மணி

திங்கட்கிழமை விடிந்தால் ஜெகதீஸ்வரியின் லீவு தீர்ந்துவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக சர்க்கிட் பலகைகளைச் சோதிக்கிறவள் அவள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவன் தயாளனைப் பகலில் பார்த்துக்கொள்ள, அடுக்குமாடியில் அடுத்த வீட்டு சுலைஹா ஒப்புக்கொண்டிருந்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

“கூப்பிட்டா ஓடி வருவேன்மா. ஆனா அவரு கூப்பிடுறது எனக்குக் கேக்கணும்லா.”

தயாளனின் குரல் கட்டிலைத் தாண்டாது. வயரில்லாத வாசல் மணி ஒன்று வாங்கினாள். அதன் பொத்தானை அழுத்த அவன் விரலில் வலுவில்லை. மணி அடிக்காவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். பொத்தானைக் கழற்றிவிட்டு, விரல் பட்டாலே உணர்கிற சென்சாரையும் செப்புத் தகட்டையும் பொருத்தினாள். அவள் தொட்டதும் சுலைஹா வீட்டு அடுப்படியில் மணி அலறியது. தயாளன் தொட்டால் மட்டும் மணியிடம் மூச்சுப் பேச்சில்லை.

நாலு நாளாக இதே கூத்து. தொழிற்சாலைப் பழக்கம் லேசில் விடுமா? பலகையை முதலில் பொருத்து, அப்புறம் கரண்ட் கொடு. அதே ஒழுங்கில் அவன் கையைப் பதமாகத் தகட்டின் மேல் வைப்பாள், பிறகு சென்சாரின் சுவிட்சைப் போடுவாள், “ம், அழுத்துங்க” என்பாள். ஒன்றும் நடக்காது. விரலில் உயிரே போய்விட்டதோ என்று தடவிப் பார்ப்பாள்.

ஞாயிறு மத்தியானம் பொறுமை போய்விட்டது. “நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கல. அதான் மனசு வச்சு அழுத்த மாட்டேங்கிறீங்க!” என்று கத்தினாள். சுவிட்சை அணைத்து, அவன் கையை மெத்தைமேல் இறக்கினாள். இப்படிச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு தரம் பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டவள், அவன் கையைத் தூக்கி வைக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்து அழுதாள்.

தயாளனின் இரண்டு விரல்கள் அவளை நோக்கி மெல்ல நகர்ந்தன. வழியில் தகடு இருந்தது.

சுலைஹா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். “என்னம்மா ஆச்சு? மணி அடிச்சிச்சே!”

அப்போதுதான் ஜெகதீஸ்வரிக்கு உறைத்தது. சுவிட்சைப் போடும் நேரத்தில் தகடு எப்படி இருக்கிறதோ, அதையே சென்சார் ‘யாரும் தொடவில்லை’ என்று எடுத்துக்கொள்ளும். முன்னமே வைத்த கை அதற்குக் கையே இல்லை. தப்பு முழுக்க அவளுடையதுதான்.

தயாளன் ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னான்: “நாலு நாளா... அழுத்திக்கிட்டுத்தான்... இருந்தேன் ஜெகா.”

இனி வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் அவளால் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.