நோட்டில் இல்லாத கஞ்சி

போன வாரம் சிதம்பரத்தில் மத்தியானம் பட்டினி கிடந்தேன். சுற்றிலும் ஓட்டல். சட்டைப் பையில் பணம். பிறகு ஏன்?

ஓட்டல் சாப்பாடு என் நோட்டில் இல்லை. அதனால் சாப்பிடவில்லை.

சிரிக்காதீர்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

கடலூர் – சிதம்பரம் ரூட்டில் நான் பிரைவேட் பஸ் ஓட்டுகிறவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இப்போது ஓட்டவில்லை என்பது தெரியாது. சுகர் ஏறிவிட்டது. "கொறச்சிட்டு வாய்யா. சீட்டு ஒனக்குத்தான்" என்றார் ஓனர். நல்ல மனிதர். ஆனால் சீட்டு காலியாக இருக்குமா? அதில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் பார்க்க ஒரு மேடம் இருக்கிறார். "தெனமும் என்னா சாப்புடுறீங்களோ, அத ஒரு நோட்டுல எழுதி எடுத்துட்டு வாங்க" என்றார்.

பஸ் ஓட்டுகிறவனுக்கு எழுத்து என்றால் டைமிங்தான். எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே எழுதியிருக்கும். அதன்படி வண்டி போக வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் பின்னால் வருகிற வண்டிக்காரன் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பான். ஸ்டாண்டில் இறங்கிச் சட்டையைப் பிடிப்பான். இத்தனை வருஷம் அப்படியே ஓடிப் பழகிவிட்டது.

அதே பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் எழுதிவிட்டேன். காலை இது, மதியம் இது, சாயங்காலம் சர்க்கரை இல்லாத டீ. மேடம் சாப்பிட்டதை எழுதச் சொன்னார். நான் எழுதியதைச் சாப்பிட்டேன்.

ஒரு நாள் என் வீட்டுக்காரியின் தம்பி துறைமுகத்திலிருந்து சங்கரா மீன் கொண்டு வந்தான். வீடே மணந்தது. மீன் சாப்பிடலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் அன்றைக்கு நோட்டில் பீர்க்கங்காய்.

"மாமா, மீன் என்னா பாவம் பண்ணுச்சி?" என்றான்.

"நாளைக்கி எழுதிக்கறேன்" என்றேன்.

"நாளைக்கி மீனு இருக்காது மாமா. நோட்டுதான் இருக்கும்."

பீர்க்கங்காயைச் சாப்பிட்டேன். அவர்கள் மீனைச் சாப்பிட்டார்கள்.

இப்போது சிதம்பரத்துக்கு வருகிறேன். நோட்டு முழுக்கச் சுத்தம், ஒரு அடித்தல் இல்லை. அங்கே இருக்கிற ஓனரிடம் காட்டிச் சீட்டைக் கேட்டுவிடலாம் என்று காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பினேன். நான் ஓட்டிய அதே வண்டியில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். ஓனர் ஊரில் இல்லை, சாயங்காலம்தான் வருவாராம். நோட்டு காட்ட வந்தேன் என்று அவர் வீட்டில் சொல்லிவைத்தேன். பசித்தபோதுதான் தெரிந்தது, சாப்பாட்டு டப்பாவை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். டப்பாவில் வரகு சோறு. நோட்டிலும் வரகு சோறு. ஓட்டலில் வரகு கிடைக்குமா?

வெயிலில் அங்கே இங்கே நடந்துவிட்டு, கமால் கடைக்குப் போனேன். கமால் என் பழைய கண்டக்டர். பரங்கிப்பேட்டைக்காரன். இப்போது சிதம்பரத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறான். ரம்ஜான் மாதம். அவன் நோன்பு.

"வா மச்சான். என்னா மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? நோன்பு எனக்கா ஒனக்கா?"

"டப்பாவ பஸ்ஸுல வுட்டுட்டேன்."

"அதுக்கு? ஊர்ல ஓட்டலே இல்லியா?"

"நோட்டுல வரகு சோறு போட்டிருக்கு."

கமால் என்னை உற்றுப் பார்த்தான். சிரிப்பதா திட்டுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் எனக்குக் குப்பென்று வியர்த்தது. கை நடுங்கியது. அலமாரியில் இருந்த செருப்பெல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது. செருப்பு எப்படியும் ரெண்டுதானே என்று நினைத்தேன். அந்த அளவுக்குப் புத்தி போய்விட்டது.

கமால் பக்கத்து டீக்கடைக்கு ஓடினான். ஒரு கை சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தான்.

"குடி."

"நோட்டுல..."

"நோட்டக் கொளுத்திப்புடுவேன். குடிடா!"

டம்ளரை என் வாயில் வைத்துப் பிடித்தான். விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவன். அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவன் எனக்குக் குடிக்கக் கொடுத்தான். நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தையும் பிய்த்து வாயில் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் செருப்பு செருப்பாகத் தெரிந்தது.

"எங்க நோன்புக்கே விலக்கு இருக்கு மச்சான்" என்றான். "ஒடம்பு முடியாதவன் வைக்க வேணாம். பிரயாணத்துல இருக்கறவன் வுட்டுட்டு அப்புறமா வெச்சிக்கலாம். ஆண்டவனே அவ்ளோ வுட்டுக் குடுக்கறான். ஒன் நோட்டு என்னா, அதுக்கும் ஜாஸ்தியா?"

காலி டம்ளரை அவனிடம் நீட்டினேன்.

"முட்லூர் ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. ரம்ஜானில் எங்கள் சாயங்கால ட்ரிப் முட்லூர் வரும்போது நோன்பு திறக்கிற நேரம் ஆகிவிடும். கமாலின் அண்ணன் பரங்கிப்பேட்டையிலிருந்து தூக்கில் கஞ்சியோடு வந்து ரோட்டோரம் நிற்பார். நான் வண்டியை ஓரம் கட்டுவேன். கமால் கீழே இறங்கி, உட்கார்ந்து நிதானமாகக் குடித்துவிட்டு ஏறுவான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், கெட்ட வார்த்தை சொல்வான். கேட்காத மாதிரி இருப்பேன்.

"எம் பசிக்கு டைமிங்க வுட்ட ஆளு நீ. ஒன் பசிக்கு வுட மாட்டியா?"

அடுத்தவன் பசி என்றால் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. நம் பசிக்கு ஏன் போகவில்லை? யார் அடித்துவிடப் போகிறார்கள்? மேடமா, டாக்டரா? நோட்டில் போட்ட அந்த ரூட்டில் ஓடியது நான் ஒருவன்தான். முன்னால் போகிறவனும் நான். பின்னால் ஹாரன் அடித்ததும் நான்.

அப்போது போன் வந்தது. ஓனர்.

"வந்துட்டேன்யா. ஏதோ நோட்டு காட்டணும்னியாமே? வா."

நோட்டு பையில்தான் இருந்தது. அடித்தல் இல்லாத நோட்டு. கமால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நடுக்கம் ஸ்டியரிங்கில் வந்திருந்தால்? பின்னால் வண்டி நிறைய ஜனம். நினைக்கவே முடியவில்லை.

"இன்னிக்கி வேணாங்க. டாக்டரப் பாத்துட்டு வரேன்."

"சீட்டு வேணாமா?"

"வேணும். இப்ப வேணாம்."

வைத்துவிட்டேன். பாங்கு சொன்னதும் கமால், பள்ளிவாசலிலிருந்து வாங்கி வைத்திருந்த கஞ்சியை ரெண்டு கிண்ணத்தில் ஊற்றினான். அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்து நோன்பைத் திறந்தான். நானும் திறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கறி போட்ட கஞ்சி. சூடு ஆறவில்லை.

மறுநாள் டாக்டர் திட்டினார். மாத்திரையைப் போட்டுவிட்டு மனிதன் பட்டினி கிடப்பானா என்றார். சரிதான். சீட்டு எப்போது கிடைக்கும் என்று தெரியாது. டாக்டரே சொல்லட்டும்.

சிதம்பரத்திலிருந்து அன்றைக்கு இரவு திரும்பும்போதும் அதே வண்டிதான் வந்தது. கண்டக்டர் என் டப்பாவை நீட்டினார். "அண்ணே, ஊசிப் போச்சி போலருக்கு." வாங்கிக்கொண்டேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். வரகு சோற்றை அடித்தேன். அந்த நோட்டில் அதுதான் முதல் அடித்தல். கீழே எழுதினேன். சர்க்கரைத் தண்ணீர். பேரீச்சம்பழம். நோன்புக் கஞ்சி, ஒரு கிண்ணம்.

வண்டி முட்லூரைத் தாண்டியது. பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.