மணி பங்களாவில் மணி அடித்தது யார்?

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. என் வீட்டுக்காரரும் தனக்குக் கிடையாது என்றுதான் சொல்லிக்கொள்வார். ஆனால் கரண்ட் போனால் முதலில் என் பெயரைத்தான் கூப்பிடுவார். போன நவம்பரில் அவர் ரிட்டயர் ஆனார். எங்கேயாவது குளிருக்குப் போய்வரலாம் என்றோம். அவர் ஏற்காடு என்றார், நான் குன்னூர் என்றேன், டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை குன்னூருக்குக் கிளம்பினோம். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது எப்போதும் இப்படித்தான்.

தங்க இடம் தேடும்போது இணையத்தில் அகப்பட்டதுதான் மணி பங்களா. வெள்ளைக்காரத் துரை கட்டிய பழைய மாளிகை, இப்போது தங்கும் விடுதி. கீழ் அறை ஒரு நாளைக்கு 3,800 ரூபாய். மாடியில் மூலை அறை 6,500. ஏன் இந்த வித்தியாசம் என்று போன் போட்டுக் கேட்டேன். "அந்த ரூம்லதான் மேடம் ஆவி இருக்கு" என்றார் ஓனர், ஏசி இருக்கிறது என்று சொல்வதுபோல. இல்லாத பேய்க்கு 2,700 ரூபாய் தண்டம் எதற்கு? கீழ் அறையே போதும் என்றேன். என் வீட்டுக்காரர் முகத்தில் அன்றைக்குத்தான் இத்தனை நாளில் என் சிக்கனத்தைப் பாராட்டும் களையைப் பார்த்தேன்.

ஈரோட்டில் விடிகாலை பஸ் ஏறினால் கோவையில் மாறி, மேட்டுப்பாளையம் வழியாக முற்பகலில் குன்னூர் போய்விடலாம். மேட்டுப்பாளையத்துக்கு மேல் மலைப்பாதை முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வளைவுகள் வயிற்றைக் கலக்கும். பஸ் ஏறும் முன் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூரி சாப்பிட்ட என் வீட்டுக்காரர் பர்லியாறு வரைக்கும் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பழனிச்சாமி என்ற டிரைவர் அகப்பட்டார். ஒன்பது கிலோமீட்டருக்கு ஐந்நூறு கேட்டார்.

"ஏனுங்க, ஒன்பது கிலோமீட்டருக்கு ஐந்நூறா?"

"மேடு பூராவும் என்ற வண்டிதானுங்க ஏறோணும். எறங்கறப்ப வேணும்னா கொறைச்சுக்கறேன்."

"அந்தப் பங்களாவுல பேய் இருக்குதாமே?"

"பேயெல்லாம் நான் பாத்ததில்லீங்க. ஆனா அந்த ரோட்டுல இருக்கற குழியப் பாத்தா செத்துப்போன தொரையே எந்திரிச்சு வந்து அழுவாருங்க."

அவர் சொன்னது மிகையில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டர் தேயிலைக்கு நடுவே வண்டி குதித்துக் குதித்துத்தான் போனது. சில்வர் ஓக் மரங்களைத் தாண்டித் திரும்பியதும் வீடு தெரிந்தது. சிவப்பு ஓட்டுக் கூரை, நான்கு புகைபோக்கி, முன்னால் கண்ணாடி போட்ட வராந்தா. பேய் இருக்கிறதோ இல்லையோ, கட்டினவனுக்கு ரசனை இருந்திருக்கிறது. வராந்தாவில் உட்கார்ந்தால் சரிவு முழுக்கக் கொழுந்து, அதற்குக் கீழே எஸ்டேட் குடியிருப்புகள், அதற்கும் கீழே மஞ்சு மூட்டம்.

ஓனர் பெங்களூர்க்காரர், முப்பது வயதுதான் இருக்கும், நல்ல தமிழ் பேசினார். மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்களை ஹாலில் உட்காரவைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கதையைத் தொடங்கினார். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த எஸ்டேட்டை நட்ட துரையின் மனைவிக்கு நெஞ்சில் சீக்கு. மூலை அறையில் படுத்த படுக்கை. ஒருநாள் துரை ஊட்டிக்குப் போயிருந்தார். கீழே மாரியம்மன் நோன்பி என்று வேலைக்காரர்கள் எல்லாரும் இறங்கிப்போய்விட்டார்கள். அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. கட்டிலோரம் தொங்கும் துணிப்பட்டையை இழுத்தால் சமையல்கட்டில் மணி அடிக்கும். இழுத்தார், இழுத்தார், யாரும் வரவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தபோது பட்டை கையில் இருந்ததாம், உயிர் இல்லையாம். அன்றிலிருந்து அந்த மணி தானாக அடிக்கிறது, வெள்ளைக் கவுன் போட்ட உருவம் ஒன்று மெழுகுவர்த்தியோடு படியில் இறங்கி வருகிறது.

என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், "இன்னைக்கு அடிக்குமா?"

ஓனர் சிரித்தார். "உங்களுக்காக நாளைக்குக் காலையில கண்டிப்பா அடிக்கும் மேடம்."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பொருட்காட்சியில் கடல்கன்னி காட்டுகிற ஆசாமிகள் இப்படித்தான் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே எழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் போர்வைக்குள் இருந்தார். கீழ் அறைக் குழாயில் வெந்நீர் வரவில்லை. அதைச் சொல்லலாம் என்று பின்கட்டுச் சமையலறைக்குப் போனேன். அங்கேதான் செல்வராணியைப் பார்த்தேன். சமையலும் அவர்தான், வீட்டைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். ஐம்பதை ஒட்டிய வயது, வெள்ளை ஸ்வெட்டர், தலையில் மப்ளர்.

"மாடி மூல ரூம்ல மட்டும் சுடுதண்ணி நல்லா வருமுங்க அக்கா. அங்க ஆளில்ல, தாராளமாப் போய்க் குளிங்க. உக்காருங்க, தேத்தண்ணி தர்றேன்."

தேத்தண்ணி என்ற சொல்லைக் கேட்டதும் எந்த ஊர் என்று விசாரித்தேன். அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து பந்தலூருக்கு வந்தவர்களாம். இவர் பிறந்தது பந்தலூர் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அம்மா சொன்ன சொல் அப்படியே வாயில் நின்றுவிட்டது என்றார். தேத்தண்ணியோடு இரண்டு வர்க்கியும், அதான் நீலகிரி பிஸ்கட், வைத்தார். நொறுநொறுவென்று அப்படி ஒரு வர்க்கியை நான் கடையில் தின்றதில்லை.

சுவரில் ஐந்து பித்தளை மணிகள் சுருள் கம்பிகளில் வரிசையாகத் தொங்கின. நான்குக்குக் கம்பி அறுந்துவிட்டது. ஐந்தாவது மூலை அறை மணி.

"இதுதான் தானா அடிக்கிற மணியா?"

"அடிக்குமுங்க. பனிக் காலத்துல கம்பி சுருங்குனா அடிக்கும். எலி ஓடுனாலும் அடிக்கும். வெள்ளக் கவுனு, மெழுகுவத்தியெல்லாம் ஓனர் சேர்த்துக்கிட்டது."

"அடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"ஒரு கப்பு தேத்தண்ணி எடுத்துக்கிட்டு மேல போவேன். யாருமில்லைன்னா அங்கயே உக்காந்து நானே குடிச்சிட்டு வந்துருவேன்."

"எலின்னு தெரிஞ்சுமா?"

"எலியா, ஆளா, தொரசாணியான்னு இங்க உக்காந்துக்கிட்டு எப்புடிங்க தெரியும்? லயத்துல ஒரு ஊட்டுல சத்தம் கேட்டா பத்து ஊடும் எந்திரிச்சு வருமுங்க. அப்புடிப் பழகிருச்சு."

பிறகு குரலைத் தாழ்த்தினார். வந்து தங்கியவர்கள் சிலர், பேய் வரவில்லை என்று இணையத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டார்களாம். (காசு கொடுத்தால் பேய்கூட நேரத்துக்கு வரவேண்டும் நம் ஆட்களுக்கு.) அதனால் விருந்தாளி இருக்கும்போது மறைவாகக் கம்பியை இழுத்துவிடு என்று ஓனர் சொல்லியிருக்கிறார். செல்வராணி முடியாது என்றிருக்கிறார். இந்த மாதம் முடியட்டும், முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஓனர் சொல்லிவிட்டாராம். வேலை போனால் பின்கட்டில் அவர் இருக்கும் அறையும் போகும். புருஷன் இல்லை, கீழே எஸ்டேட்டிலும் இப்போது வீடு கிடைக்காது.

"ஒரு இழுப்புத்தானே, இழுத்துட்டுப் போங்களேன்" என்றேன். இப்படி யோசனை சொல்ல எனக்கு எப்போதும் வாய் நீளம்.

"பொய்யா அடிச்சு அடிச்சுப் பழகிட்டா, நெசமா அடிக்கறப்ப யாருங்க போவா?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஐந்தாவது மணி அடித்தது. ஒருமுறை கிணுங்கி நின்று, மறுபடி விடாமல் அடித்தது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நேற்று சொன்ன சொல்லை ஓனர் காப்பாற்றிவிட்டார்! செல்வராணி மாட்டேன் என்றதால் தானே மாடிக்குப் போய் இழுக்கிறார். "விடுங்க செல்வராணி, உங்க ஓனர் எனக்கு ஷோ காட்டறாரு. உக்காந்து தேத்தண்ணியக் குடிங்க" என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். ஒரு கப்பில் தேநீர் ஊற்றினார், போய்விட்டார். நான் இரண்டாவது வர்க்கியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் மாடியிலிருந்து அலறல் கேட்டது. "ஐயோ, வந்துருச்சே!" அந்தக் குரல் ஓனர் குரல் இல்லை. என் வீட்டுக்காரர் குரல்.

படி ஏறியது எனக்கு நினைவில்லை. மூலை அறையில் அவர் இடுப்புத் துண்டோடு தரையில் கிடந்தார். கீழே வெந்நீர் வராததால், காலையில் வராந்தா துடைக்க வந்த ஆளிடம் விசாரித்து, விடிந்துவிட்டதே என்று அவரே தைரியமாக மாடிக்குக் குளிக்கப் போயிருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் மடங்கிவிட்டது. உள்ளேயிருந்து கத்திப் பார்த்திருக்கிறார், இரண்டு கதவும் சாத்தியிருக்க எனக்கு எங்கே கேட்கும்? போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தவழ்ந்து கட்டில்வரை வந்து பட்டையை இழுத்திருக்கிறார். கதவு திறந்தது, வெள்ளை ஸ்வெட்டர், கையில் ஆவி பறக்கும் கப்பு. அலறாமல் என்ன செய்வார்?

செல்வராணி அதற்குள் தலையணையை அவர் காலுக்கு அண்டக் கொடுத்து, போர்வையைப் போர்த்தி, தேத்தண்ணியை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லீங்கய்யா, நான் வந்துட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வாசற்படியில் நின்று அழுதுவிட்டேன். மணி அடித்தது என் புருஷன். நான் கீழே உட்கார்ந்து வர்க்கி தின்றேன்.

ஓனரைக் குறை சொல்லமாட்டேன். தூங்கிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து, என் வீட்டுக்காரரை முதுகில் தூக்கிக் கீழே இறக்கினார். போன் போட்டதும் வந்த பழனிச்சாமி சொன்னபடி இறக்கத்துக்கு நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார், குழிகளில் வண்டியைத் தொட்டில் மாதிரி ஓட்டினார். ஆஸ்பத்திரியில் எலும்பில் விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள்.

வெளியே காத்திருக்கும்போது ஓனர் பக்கத்தில் வந்தார். "மேடம், மணி அடிச்சுதுல்ல? அதை மட்டும் ரிவ்யூல எழுதிடுங்க ப்ளீஸ்."

எனக்கு வந்ததே கோபம்! "எழுதறேன் தம்பி. அடிச்சது பேயில்ல, என் ஊட்டுக்காரர். அந்தம்மா நீ சொன்னதைக் கேட்டுத் தெனம் ரெண்டு தடவை பொய்யா இழுத்துட்டு இருந்திருந்தா இன்னைக்கு யாரு போயிருப்பா? உன்னோட கதையில அந்தப் பொம்பளை எப்படிச் செத்தா? அதையே இன்னொரு தடவை நடத்தப் பாத்தியா?" ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். அவர் காதெல்லாம் சிவந்துபோய் நின்றார்.

அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினேன். 'பேய் வரவில்லை. மணி அடித்தால் ஆள் வருகிறது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு தைரியமாகப் போகலாம். செல்வராணியைக் கேளுங்கள்.'

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்காமல் மலை ஏறாதீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள், சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். டிசம்பரில் ஸ்வெட்டர் போதாது, கம்பளியும் வேண்டும். குளியலறைக்கு ரப்பர் செருப்பு கட்டாயம். மூலை அறைப் பட்டையை விளையாட்டுக்கு இழுத்துப் பார்க்காதீர்கள். ஒரு மனுஷி கையில் சூடான கப்போடு இருபத்திரண்டு படி ஏறி வருவார்.

மாதம் முடிந்து ஜனவரி பிறந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, பங்களா நம்பருக்குப் போன் போட்டேன். செல்வராணிதான் எடுத்தார், சமையல்கட்டிலிருந்துதான் பேசினார். கம்பி இழுக்கும் பேச்சை ஓனர் அப்புறம் எடுக்கவில்லையாம். என் ரிவ்யூவைப் படித்துவிட்டு, அப்பா அம்மாவோடு இரண்டு குடும்பம் வந்து தங்கிப்போனதாம்.

"நேத்து மத்தியானம் மணி அடிச்சுதுங்க அக்கா."

"யாரு?"

"யாருமில்லீங்க. தேத்தண்ணி நானே குடிச்சேன்."

இருவரும் சிரித்தோம். உள் அறையில் என் வீட்டுக்காரர் டம்ளரால் கட்டிலைத் தட்டினார். கட்டுப் போட்ட நாளாக அதுதான் அவருடைய மணி. காலையிலிருந்து அது எத்தனையாவதோ! தண்ணீர் வேண்டுமாக இருக்கும், இல்லாவிட்டால் ரிமோட். வர்றேன் வர்றேன் என்று குரல் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். மறுபடி தட்டினார்.

போனில் செல்வராணி பேச்சை நிறுத்தினார். "அக்கா, அய்யா கூப்புடறாருங்க. போயிப் பாருங்க மொதல்ல."

போனை வைத்துவிட்டுப் போனேன்.