கந்தசாமி கைக்குப் போகாத பந்து

கார்க் பந்து மட்டையில் படுகிற 'டொக்' சத்தம். வெயிலில் காய்கிற புது வைக்கோலின் வாசம்...

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில், அறுவடை முடிந்த எங்கள் வயல்தான் கிரிக்கெட் மைதானம்.

எனக்குக் கல்யாணமான முதல் வருஷம். ஐந்தாவதோடு படிப்பு நின்றாலும், பேப்பரில் வரும் ஸ்கோரைப் பார்த்துப் பார்த்துக் கிரிக்கெட் கணக்கை நானே கற்றுக்கொண்டிருந்தேன். அதனால் ஊர் டீமின் ஸ்கோர் நோட்டு என்னிடம் வந்தது. கேப்டன், என் கணவரின் அண்ணன். என் நோட்டைக் கேட்காமல் பவுலரை மாற்ற மாட்டார். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

பொள்ளாச்சிப் பக்கத்து டீமோடு ஃபைனல். முந்தின நாள் முழுக்கப் பந்து போட்ட என் கணவர்தான் அன்றும் ஒரு முனையில் விடாமல் போட்டார். ஒன்பது ஓவர் முடிந்தபோது, நெற்றி வேர்வையைத் துடைக்க இடது கையைத் தூக்கினார். வலது கை அப்படியே தொங்கியது.

ஓரத்தில் எங்கள் டீமின் இன்னொரு பவுலர் கந்தசாமி கையைச் சுழற்றிக்கொண்டு தயாராக நின்றார்.

அண்ணன் என்னிடம் வந்தார்.

"அம்மிணி, நோட்டு என்ன சொல்லுது?"

"ஒம்பது ஓவருங்க. பதினாலு ரன்னுங்க."

"கந்தசாமி?"

"ஒரே ஓவருங்க. பதினாறு ரன்னுங்க."

"அவங்கிட்டப் பந்தக் குடுக்கறதுக்கு, கப்பைப் பொள்ளாச்சிக்காரங்க ஊட்டுலயே கொண்டு போய்க் குடுத்தரலாம். தம்பியே போடட்டும்."

'அவிகளுக்குக் கை முடியலீங்க' என்று நாக்கு நுனி வரை வந்தது. புருஷனின் அண்ணன் முன்னால் கேட்டதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை. அது மட்டுமா... என் நோட்டை நானே மறுத்துப் பேச மனசும் வரவில்லை. மாரியம்மா, பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு பென்சிலைச் சீவினேன்.

அடுத்த ஓவரின் நாலாவது பந்தில் தோள் விட்டுப் போனது.

மீதி இரண்டு பந்தைக் கந்தசாமி போட்டார். ஒரு ரன்கூட இல்லை. கப்பும் கிடைத்தது.

வைத்தியர் கட்டிப் பார்த்தார், பாலக்காட்டில் டாக்டரும் பார்த்தார். அந்தக் கை அப்புறம் தோளுக்கு மேல் எழும்பவே இல்லை. கோயிலில் எல்லோரும் தலைக்கு மேல் கை கூப்பும்போது, இவர் மட்டும் நெஞ்சோடு நிறுத்திக்கொள்வார். பக்கத்தில் நின்று நான் என்னத்தைக் கேட்பேன் அம்மனிடம்?

இப்போது மகன் போட்டுக் கொடுத்த பேஸ்பால் கேமை டேப்லட்டில் இடது கையால் விளையாடுகிறார். எதிர் டீமுக்குக் கம்ப்யூட்டர்தான் மேனேஜர். பந்து எறிகிற பிட்சர் களைக்கக் களைக்க, பெயருக்குக் கீழே இருக்கும் பச்சைக் கோடு குறைந்து சிவப்பாகிறது. மாற்று ஆள் ஓரத்தில் தயாராக நிற்கிறான். கம்ப்யூட்டர் அவனைக் கூப்பிடுவதே இல்லை. நேற்று எறிந்தவனையே இன்றும் நிற்க வைக்கிறது. அவன் கணக்கு நன்றாக இருக்கிறதாம்.

நேற்று அதைப் பார்த்துச் சிரித்தார்.

"பாரம்மிணி, இந்த மேனேஜரு எங்கண்ணனாட்டவே இருக்கறான். பாவம், அண்ணனும் போய்ச் சேந்துட்டாரு. குத்தஞ்சொல்லி என்ன... அத்தன தூரத்துல நின்னவருக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

நான் விளக்கேற்ற எழுந்து போய்விட்டேன்.

அன்றைக்கு யார் பெயருக்குக் கீழேயும் பச்சைக் கோடு கிடையாது. ஆனாலும் வைக்கோல் போர் நிழலில் இருந்து எனக்கு அவர் தோள் நன்றாகவே தெரிந்தது. அதை இன்று வரை அவரிடம் சொல்லவில்லை.