செவலை படுத்த பாலம்

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். சொன்னவர்கள் எங்கள் செவலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு வேலை இருந்தது. விடிந்ததும் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு திராட்சைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். வெயில் சாய்ந்ததும் அவரை வீட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பெரியப்பாதான் நாயைக் கூட்டிப் போகிறார் என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். முன்னால் போவது யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

காமயகவுண்டன்பட்டியில் காலை நேரத்து மேகம் மலையிலிருந்து இறங்கிப் பந்தல்களின் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். பந்தலுக்குக் கீழே வெளிச்சமே பச்சையாக இருக்கும். ஆள், நாய், மண்வெட்டி எல்லாம் தண்ணீருக்கடியில் அசைகிற மாதிரித் தெரியும். கொத்துகள் தலைக்கு மேலே கறுத்துக்கொண்டிருக்க, பெரியப்பா அண்ணாந்தபடியே நடப்பார். அவர் காலடியில் செவலை குனிந்தபடியே நடக்கும். மேலே அவர் பார்த்துக்கொள்வார், கீழே அது பார்த்துக்கொள்ளும்.

நான் நாலாவது படித்த வருஷம் செவலையின் பின்னங்கால்கள் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தன. எழுந்திருக்கையில் இடுப்பு ஒரு பக்கமாகச் சரியும். டைல்ஸ் தரையில் நாலு காலும் நாலு திசைக்குப் போகும்.

"வயசாயிருச்சுண்ணே. வீட்டுலயே கட்டிப்போடுங்க, பாவம்" என்றார் அப்பா.

"அப்ப என்னையும் சேத்துக் கட்டிப்போடு. அது வராட்டி நான் மட்டும் அங்கன போயி என்னத்தச் செய்ய? தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுருவோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். பெரியம்மா சிரிக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பந்தலுக்கு அடியில் இல்லாத பெரியப்பாவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. ஆகவே செவலையின் காலைச் சரியாக்குவது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை.

பழம் ஏற்றுகிற லோடு ஆட்டோவில் கம்பத்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். திராட்சைப் பெட்டி ஒன்றில், பழத்துக்குப் போடுவது போலவே காகிதம் விரித்துச் செவலையை உட்கார வைத்தோம். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, இது எந்தத் தோட்டத்துச் சரக்கு? ரொம்பப் பழுத்துருச்சே!"

இடுப்பை அமுக்கியதும் செவலை முனகியது. மூட்டு தேய்ந்திருக்கிறது, முழுசாகச் சரியாகாது, வலியைக் குறைக்கலாம் என்றார். மாத்திரை கொடுத்தார். வழுக்குகிற தரையில் சாக்கு விரிக்கச் சொன்னார். நடக்கும்போது அடிவயிற்றில் துணி கொடுத்துத் தாங்கச் சொன்னார்.

"வீட்ல இருக்க மனுச மாத்திரையக் குடுத்துராதீக. திராட்சையும் நாய்க்கு ஆகாது."

"அது வைக்கப்படப்புல படுத்த நாயி, டாக்டரம்மா. தானும் திங்காது, அடுத்தவனையும் திங்க விடாது" என்றார் பெரியப்பா.

அதன்பிறகு வீடே செவலைக்காக மாறியது. கூடத்தில் சாக்கு விழுந்தது. வாசல்படியில் அப்பா சரிவாகப் பலகை போட்டார். பலகை ஆடுகிறதா என்று பார்க்கிறேன் என்று பெரியப்பாவும் தினமும் அதிலேயே ஏறி இறங்கினார். பெரியம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டிச் செவலையின் இடுப்புக்கு ஒத்தடம் கொடுப்பார். முடித்ததும், "மிச்சச் சூட்ட ஏன் வீணாக்கணும்" என்று பெரியப்பா மூட்டையை வாங்கித் தன் முழங்காலில் வைத்துக்கொள்வார். சிக்கனமான மனுஷன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பள்ளி விடுமுறை என்பதால் நானும் தோட்டத்துக்குக் கூடப் போனேன். அம்மாவின் பழைய நூல்சேலையைச் செவலையின் வயிற்றுக்கடியில் கொடுத்துப் பெரியப்பா இரு முனையையும் பிடித்துக்கொள்வார். புளியமரத்தடியில் நிற்போம். மடையில் நிற்போம். வாய்க்கால் பாலத்துத் திட்டில் நெடுநேரம் உட்காருவோம்.

"செவலைக்கு முடியல ஆத்தா. சித்த ஒக்காரட்டும்" என்பார்.

தண்ணீர் பாலத்துக்கடியில் நுழைந்து அந்தப் பக்கம் வேறு நிறத்தில் வெளியே வரும். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தக் காலைகள் முடிந்ததாகவே எனக்கு நினைவில்லை.

மாத்திரை வேலை செய்தது. ஒருநாள் செவலை சேலையை உதறிவிட்டுத் தானாகவே நடந்தது. புளியமரத்தைத் தாண்டியது, மடையைத் தாண்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பெரியப்பா, செவலைக்குச் சரியாயிருச்சு! இனிமே எங்கயும் ஒக்கார வேணாம், வாங்க!"

அவர் வெறும் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். பாலத்துக்கு வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்க்கிற மாதிரி நின்றார். பாலத்தைக் கடந்து போயிருந்த செவலை திரும்பிப் பார்த்தது. அப்புறம் நிதானமாகத் திரும்பி வந்து, வழக்கமான இடத்தில் வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டது.

"ஏலே, எந்திரி!" என்று அதட்டினேன். பிஸ்கட்டைக் காட்டினேன். அசையவில்லை.

"பாத்தியா, நான் சொல்லல? அதுக்கு இன்னும் முடியல" என்று பெரியப்பா திட்டில் உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும். வீட்டில் வந்து முறையிட்டேன். பெரியம்மா உப்பை வறுத்துக்கொண்டே, "நொண்டிக் குதிரைக்குச் சறுக்குனது சாக்கு" என்றார். குதிரை இல்லை, நாய் என்று அவரைத் திருத்தினேன்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்: "மாத்திரை கேக்கல. பாதி வழியில படுத்துக்கிருது."

அவர் இடுப்பை அமுக்கினார். செவலை முனகவில்லை, வாலைத்தான் ஆட்டியது. டாக்டரம்மா நிமிர்ந்தபோது பெரியப்பா பெஞ்சிலிருந்து, முழங்காலில் கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். டாக்டரம்மாவின் பார்வை அந்த முழங்காலுக்குப் போனது.

"அங்கங்க ஒக்காந்து ஒக்காந்தே போங்கய்யா. இந்த மாதிரி நாய்க்கு அதான் நல்லது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவசரப்படுத்தக் கூடாது, என்ன?"

தலையாட்டினேன், மனசில்லாமல். செவலை நடிக்கிறது என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. இவ்வளவு பெரிய டாக்டரையே ஏமாற்றிவிட்டதே என்று ஆச்சரியம் வேறு.

மறுநாள் காலை பாலத்தில் அது படுத்தபோது, அதனோடு பேசுவதில்லை என்று முடிவுகட்டித் தள்ளி உட்கார்ந்தேன். ஆனாலும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது தண்ணீரைப் பார்க்கவில்லை, என் பிஸ்கட்டைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிப் பெரியப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு எழுந்து, உடம்பை உதறி, முன்னால் நடந்தது.

இத்தனையையும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.