கரண்டு போன கூட்டம்

போடிமெட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில், காய் உலர்த்தும் சூட்டறையில் ஆயுசில் பாதியைக் கழித்தவர் பால்சாமி. சூடு அவரை ஒன்றும் செய்ததில்லை. அறுபதை நெருங்கியபோதுதான் அறைக்குள் போன கொஞ்ச நேரத்தில் கண் மங்கத் தொடங்கியது. நடை தடுமாறியது. குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று பேசினார்கள். மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். நரம்பைச் சுற்றியிருக்கும் உறையை உடம்பே அரித்துவிடும் நோயாம். இந்த வயதில் தொடங்குவது அபூர்வமாம்.

அதற்குப்பின் பால்சாமி வெந்நீரில் குளிக்கப் பயந்தார். வெயிலில் பஸ்சுக்கு நிற்கப் பயந்தார். காலையில் விழித்ததும் சுவர்க் காலண்டரின் எழுத்து தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

இதே நோயுள்ள வயதானவர்கள் போடியில் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவி ரோஜா அவரை இழுக்காத குறையாக அழைத்துப் போனாள். தையல் வகுப்பு நடக்கும் தகரக் கூரைக் கூடம். வட்டமாக உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரில், பர்சானா என்ற ஜவுளிக்கடை வீட்டு அம்மாள் சக்கர நாற்காலியில் இருந்தார். அசையாமல் கிடந்த அவர் கால்களைப் பார்த்ததும் பால்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெரசா கெளம்பு, ரோஜா. இங்கன இருக்க முடியல."

அவர் எழுந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. சித்திரை வெயில். ஃபேன் நின்றதும் கூடம் சூட்டறையாகிவிட்டது. கண்முன் சாம்பல் நிறம் படர்ந்தது. கதவு எந்தப் பக்கம்? கால்கள் மடங்க, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரோஜா, ஒண்ணுமே தெரியலடி!"

"எனக்கும் மங்குதுண்ணே," என்றது பர்சானாவின் குரல். "சூடு ஏறுனா இப்படித்தான். பயப்படாதீங்க, ஒடம்பு குளுந்தா தெளியும். மதினி, அந்த டப்பாவுல ஐஸ் இருக்கு. துணிய நனைச்சு அண்ணன் கழுத்துல போடுங்க."

மெல்ல மெல்ல ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. பிறகு தன் கழுத்திலும் ஈரத்துணி சுற்றியிருந்த பர்சானாவின் முகம்.

"தாயி, ஒங்க காலும் மொதல்ல இப்படித்தான் போயிப் போயித் திரும்பி வந்துச்சா?"

பர்சானா தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "ஆமாண்ணே. ரொம்ப வருஷம் வந்துச்சு. பெறகு வரல. எல்லாருக்கும் அப்படி ஆகாதுன்னு டாக்டரு சொல்றாரு. எனக்கு ஆயிருச்சு."

பால்சாமி, இத்தனை நாள் ரோஜாவிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத அத்தனை பேர் நடுவே சொன்னார்: "கண்ணு ஒருநா திரும்பி வராமப் போயிருமோன்னு தூக்கமே வர்றதில்ல, தாயி." ரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்டோர் வேலையை விட்டுவிட்டார். கூட்டத்துக்கு மட்டும் மாதந்தோறும் தவறாமல் போகிறார். உள்ளே நுழையுமுன் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடுவார். ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"யாரைக் காணோம்?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் உட்காருகிறார்.