பின்னால் வருகிறவருக்குக் கொஞ்சம் த்ராட்டில்

அவசரக்குடுக்கை என்று யாரோ எப்போதோ வைத்த பெயர், நாளாக நாளாகச் சுருங்கிக் குடுக்கை என்று நின்றுவிட்டது. தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. ஆனால் அவன் லிஃப்டில் ஏறி யாரும் பார்த்ததில்லை. அது இறங்கி வந்து, கதவு திறந்து, அதுவரைக்கும் யார் நிற்பது? ஒன்பதாவது மாடியானாலும் படிதான், அதுவும் இரண்டிரண்டாக. அவன் பராமரிக்கிற கட்டடங்களில் கதவு மூடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முழங்கையில் இடி வாங்காமல் யாரும் உள்ளே போக முடியாது என்கிற கதிக்குக் கொண்டுவந்துவிட்டான். புகார் சொன்னால், "ஆளுங்க ஆடி அசைஞ்சு ஏறினா நான் என்ன பண்றது?" என்பான். என்ன பண்றதாம், கேள்வியைப் பார்!

கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. பாதி மாடியில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே குழந்தை அழுகிறது என்றால் சோற்றுக் கையோடு ஓடுவான். அந்தச் சோறும் நின்றபடி சாப்பிடுகிற சோறுதான். எதிராளி பேசத் தொடங்கினால் பாதியிலேயே பதில் சொல்லிவிடுவான், பெரும்பாலும் அவர் கேட்காத கேள்விக்கு. தெருவில் இப்படிப்பட்ட ஆள் எதிரே வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரே வீட்டில் இருந்து குப்பை கொட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கொட்டிப் பார்த்தவள் அவன் மனைவி. மருந்துக்கடையில் வேலை. சீட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மாத்திரையைக் கையில் எடுப்பாள். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள். போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அவன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

நடந்தது இதுதான். இரண்டு பேரும் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல அவன் முன்னால், அவள் பின்னால். அவள் சீக்கிரம் நடக்கட்டும் என்று அவளுடைய கைப்பையையும் இவனே வாங்கிக்கொண்டான். பஸ் வந்தது, தாவி ஏறினான், ஜன்னலோரம் இடம் பிடித்து அவளுக்கென்று பையை வைத்தான். இரண்டு நிறுத்தம் தாண்டி, "உக்காரு" என்று திரும்பினால் ஆளைக் காணோம். இறங்கித் தலைதெறிக்க ஓடி வந்தான். அங்கேயும் இல்லை. சாயங்காலம் மைத்துனன் போன் செய்தான். "அக்கா இங்கதான் இருக்கா மாமா. கால் சுளுக்கிக்கிச்சு. இப்ப பேசற நிலைமையில இல்ல. நீங்க வர வேண்டாம், அவ பையை நானே வந்து வாங்கிக்கறேன்."

இதை வேலையிடத்தில் ஒரு சிரிப்புக் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான் பாருங்கள், அதற்குத்தான் இரண்டு அறை விடலாம். "திரும்பிப் பாத்தா பொண்டாட்டியைக் காணோம்யா!" கேட்டவர்களும் சிரித்தார்கள். வாரங்கள் போகப் போக அவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். பிறகு அவனும் நிறுத்திவிட்டான்.

மாமியார் வீட்டோடு மிச்சமிருந்த ஒரே ஒட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற விமானம். பழைய காலத்து ஒற்றை எஞ்சின் சண்டை விமானங்கள். செல்போன் பழுது பார்க்கிற மைத்துனன்தான் இவனை அதில் இழுத்துவிட்டவன். அவரவர் வீட்டிலிருந்தபடி இருவரும் ஒரு ஜோடி: இவன் முன்னால், அவன் துணையாகப் பின்னால். பொழுதுபோக்குக்குச் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அதில் எல்லாம் நிஜம் மாதிரிதான். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற லீவரான த்ராட்டிலை முழுக்கத் தள்ளியே வைத்திருந்தால் குளிர்விக்கிற தண்ணீர் கொதித்து எஞ்சின் இறுகிப்போகும். தலைகுப்புற இறங்கும்போது வேகத்தை விட்டுவிட்டால் இறக்கை கையோடு வந்துவிடும். எதிரியின் வாலுக்குப் பின்னால் கண்மண் தெரியாமல் பாய்ந்தால் திரும்ப முடியாமல் அவனைத் தாண்டி, அவன் துப்பாக்கி முன்னாலேயே போய் நிற்க வேண்டியதுதான். தரையைத் தொடும்போது வேகம் கூடுதலென்றால் குட்டிக்கரணம். குடுக்கை இத்தனை விதத்திலும் செத்திருக்கிறான். த்ராட்டில் என்று ஒன்று இருப்பதே முன்னால் தள்ளத்தான் என்பது அவன் கட்சி.

அவன் செத்தால் போகட்டும், பின்னால் வருகிறவனும் அல்லவா செத்தான்!

"மச்சான், எங்கடா இருக்க?"

"பின்னாடிதான் மாமா. ரொம்பப் பின்னாடி. ரெண்டு பேர் என்னைச் சுத்திக்கிட்டு இருக்காங்க."

"சீக்கிரம் வாடா!"

"எப்படி வர்றது? ரெண்டும் ஒரே ப்ளேன், ஒரே எஞ்சின். நீங்க முழுசாத் தள்ளி வெச்சா நான் தள்ள என்ன இருக்கு? ஒரு திருப்பத்துல பின்தங்கினா அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் பிடிக்க முடியாது. முன்னால போறவர் கொஞ்சம் மிச்சம் வெக்கணும் மாமா. அந்த மிச்சத்தைப் போட்டுத்தான் பின்னால வர்றவன் எட்டிப் பிடிப்பான். எத்தனை தடவை சொல்றது?"

"சரி சரி, புரிஞ்சுது" என்பான் குடுக்கை, கையை எடுக்காமலே.

புரியவில்லை. சண்டையெல்லாம் அவனுக்குச் சாக்கு. அவன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது மைத்துனனின் மைக் வழியாக வருகிற அந்த வீட்டுச் சத்தத்துக்கு. பாத்திரம் அலம்புகிற சத்தம், மாமியார் யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது, எப்போதாவது ஒரு இருமல். அந்த இருமல் அவளுடையது. அது கேட்டால் போதும், "அவ எப்படி இருக்கா, நல்லாத்தான இருக்கா, சரி, வலது பக்கம் திரும்பு" என்று ஒரே மூச்சில் கேட்டு, தானே பதிலும் சொல்லிவிடுவான். மைத்துனன் வலது பக்கம் திரும்புவான்.

இவர்கள் சேர்ந்து பறக்கிற குழுவுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போதே சொல்லிவிட்டார். "குடுக்கை, இன்னைக்கும் ஜோடியைத் தொலைச்சுட்டு நீ மட்டும் வந்து இறங்கினா, அடுத்த வாரத்துலேர்ந்து உன் மச்சான் என் பின்னாடி. நீ தனியா பறந்துக்க."

தனியாப் பறப்பதாவது! அந்த மைக்கும் போய்விட்டால் அவள் இருமுவதுகூட இவனுக்குத் தெரியாமல் போகும்.  கேப்டனுக்கு என்ன தெரியும், பாவம்.

போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு த்ராட்டிலைக் குறைத்தே வைத்திருந்தான். சண்டை வந்ததும் பழைய கை திரும்பிவிட்டது. ஒரே தள்ளு. எதிரியை விரட்டி நாலு திருப்பம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால், தூரத்தில் மைத்துனனின் விமானம் கறுப்பாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தது.

"எண்ணெய் ஒழுகுது மாமா. பாதி சக்திக்கு மேல குடுத்தா நின்னுடும். நீங்க கிளம்புங்க."

"வாயை மூடு. வர்றேன்."

வந்தான். வந்த வேகத்தில் மைத்துனனைத் தாண்டி எங்கோ போய்விட்டான். அசடு வழியத் திரும்பி வந்து, மறுபடியும் தாண்டினான். மூன்றாவது தடவைதான் உறைத்தது. த்ராட்டிலை இழுத்தான். போதவில்லை. இன்னும் இழுத்தான். வேகம் விழுந்ததும் விமானத்தின் மூக்கு ஆடியது, அதற்குமேல் குறைத்தால் கல் மாதிரி கீழே போக வேண்டியதுதான். மெதுவாகப் போனாலும் விழாமலிருக்க இறக்கைத் தட்டைக் கொஞ்சம் இறக்கினான். அப்படியும் இவன் விமானம் முந்தியது. நேராகப் போவதை விட்டுவிட்டு, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து தூரத்தைக் கரைத்தான்.

இருப்புக் கொள்ளவில்லை. மேஜைக்கு அடியில் இரண்டு காலும் தாளம் போட்டன. ஓடுதளம் எங்கேயோ இருந்தது. உள்ளங்கை வேர்த்து லீவரில் வழுக்கியது. ஒரு தள்ளு, ஒரே ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. சே, என்ன பிழைப்பு இது, எறும்பு ஊர்கிற மாதிரி! இந்த நேரத்தில் யாராவது மேலேயிருந்து வந்தால் இரண்டு பேரும் காலி. இருந்தும் தள்ளவில்லை.

அப்போது பார்த்து அந்த வீட்டில் ஒரே கூச்சல்.

"மாமா, அடுக்களைக் குழாய் பிச்சுக்கிச்சு, தண்ணி பீச்சியடிக்குது! அக்கா, இங்க வா! உக்காரு. இதை ஆட்டாமப் பிடி. திரையில அந்தக் கோடு சாயாமப் பாத்துக்க, அவ்வளவுதான். இதைக் காதுல மாட்டிக்க." நாற்காலி நகர்ந்தது. ஓடுகிற காலடி. பிறகு ஒரு மூச்சுச் சத்தம், மிகவும் பக்கத்தில்.

"கேக்குதா?" என்றாள் அவன் மனைவி.

எப்படி இருக்க, கால் தேவலையா, எப்ப வர்ற, நான் இப்பவே கிளம்பி வரட்டுமா எல்லாம் ஒரே கொத்தாகத் தொண்டைக்கு வந்தது. அதே நேரம் மூக்கு ஆடியது. இரண்டு கையும் அதில் மாட்டிக்கொண்டதால், "கேக்குது" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. நல்ல வேளை.

"எனக்கு இதெல்லாம் தெரியாது. விழுந்துடுமா?"

"விழாது. பக்கத்துல நான் இருக்கேன்."

"பக்கத்துலயா? எங்க?"

"இடது பக்கம்."

திரையில் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"ஏன் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போறீங்க?"

"உன் ப்ளேன் மெதுவாப் போகுது. நேராப் போனா உன்னை விட்டுட்டு முன்னால போயிடுவேன்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்று, பிறகு வந்தது. பின்னால் மைத்துனன் ஸ்பேனர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போகவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசக் கூடாது."

சரி என்று சொல்ல வாயெடுத்தான். அதுவும் குறுக்கே பேசுவதுதானோ என்று விழுங்கிக்கொண்டான்.

"அன்னைக்குச் செருப்பு அறுந்து கால் மடங்கிடுச்சு. அப்படியே உக்காந்துட்டேன். உங்களைக் கூப்பிட்டேன். பஸ் கிளம்பற வரைக்கும் கூப்பிட்டேன். போன் பண்ணலாம்னா அது பையோட உங்க கையில. பக்கத்துல நின்ன ஒரு பொம்பளதான் கையைக் குடுத்துத் தூக்கி விட்டா. 'அந்த ஏறிப் போறவர் உனக்குத் தெரிஞ்சவராம்மா'ன்னு கேட்டா."

அவள் நிறுத்தினாள். வழக்கமாக இந்த இடத்தில் அவன் பதிலை எடுத்துக்கொடுத்திருப்பான். நாக்கு நுனி வரை வந்ததை அடக்கினான். கைகள் த்ராட்டிலை ஒரு மயிரிழை இழுத்தன, ஒரு மயிரிழை விட்டன.

"இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றாள். "கோபத்துல சொல்லலைங்க. கோபமா இருந்தா அன்னைக்கே வீட்டுக்கு வந்து உங்களோட சண்டை போட்டிருப்பேன். யோசிக்காம வாயில வந்துடுச்சு. நான் சொன்னது என் காதுல விழுந்ததும் எனக்கே பயமாயிடுச்சு. அதனாலதான் போனை எடுக்கல."

குடுக்கைக்குக் கண் கலங்கித் திரை மங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் விமானம் சாயும். துடைக்கவில்லை.

"இன்னும் இருக்கு" என்றாள்.

ஓடுதளம் இன்னும் கண்ணில் படவில்லை. படாமலே இருந்தால் தேவலை என்று அந்த அவசரக்காரன் வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தான்.

"சொல்லு" என்றான்.